'உன் இஷ்டம்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

சென்ற ஆண்டு இரண்டாம் பருவத்தில் ஒருநாள், மனநல ஆலோசகர் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெரிய நெருக்கடி எதுவும் இல்லை. தூக்கம் சரியில்லை, பாடத்தில் மனம் பதியவில்லை, எடுத்த துறை சரிதானா என்ற கேள்வி விடாமல் குடைந்துகொண்டிருந்தது. நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசினேன். 'ஸ்ட்ரெஸ்', 'எக்ஸ்பெக்டேஷன்ஸ்', 'பர்ன்அவுட்' என்று சொற்கள் தடையில்லாமல் வந்தன. வேலை நேர்காணலில் பேசுவதைப் போலவே பேசியிருக்கிறேன் என்பது பின்னர்தான் உறைத்தது.

"துறை மாறுவதைப் பற்றி அப்பா என்ன சொல்கிறார்?" என்று அவர் கேட்டார்.

அப்பா ஏச மாட்டார். குரலை உயர்த்தவும் மாட்டார். அவர் சொன்னது இரண்டே சொல்: "உன் இஷ்டம்." அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆலோசகரின் முகம் மலர்ந்தது. முடிவை உங்களிடமே விட்டிருக்கிறாரே, நல்ல ஆதரவு அல்லவா என்றார்.

தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. செய்தித்தாளை மடித்துக்கொண்டே, நம் முகத்தைப் பார்க்காமல் சொல்லப்படும் 'உன் இஷ்டம்' எப்படிப்பட்ட அனுமதி என்று நமக்குத் தெரியும். அகராதிப்படி பார்த்தால் அந்தச் சொற்கள் என் ஆசையை என் கையில் கொடுக்கின்றன. எங்கள் வீட்டில் அவை அதைப் பிடுங்கிக்கொள்கின்றன. அதை ஆலோசகருக்கு விளக்க வாய் திறந்தேன். ஆங்கிலம் வரவில்லை. தமிழில் அந்த இரண்டு சொல்லை அப்பாவின் தொனியிலேயே சொல்லிக் காட்டினேன். நாற்பது நிமிடம் வராத அழுகை அப்போது வந்தது. அந்த ஆலோசகர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. பொறுமையானவர், நன்றாகக் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தில் உளவியலை விருப்பப் பாடமாக எடுத்திருந்தேன். அதனால் என் அழுகைக்குக் காரணம் தேடி நூலகத்துக்குப் போகும் கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது.

புத்தகக் கடைகளில் 'ஆழ்மனம்' என்ற சொல்லைப் பல அட்டைகளில் பார்த்திருப்பீர்கள். ஆழ்மனத்துக்குக் கட்டளையிடுங்கள், கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அவை சொல்லும். சிக்மண்ட் ஃபிராய்ட் பேசிய நனவிலி மனம் இதற்கு நேர்மாறானது. அது நம் பேச்சைக் கேட்காது. நமக்கு நாமே ஒப்புக்கொள்ள முடியாத ஆசைகளை நினைவிலிருந்து ஒதுக்கிவைக்கிறோம். ஒதுக்கியவை அழிந்துபோவதில்லை. கனவாக, வாய் தவறிய சொல்லாக, மறதியாக, சிலநேரம் உடல் உபாதையாகக்கூட வேடம் மாற்றிக்கொண்டு திரும்பி வருகின்றன. உளப்பகுப்பாய்வின் அடித்தளம் இதுதான். வகுப்பில் இதைப் பனிப்பாறைப் படம் ஒன்றைக் காட்டிச் சொல்லித் தருவார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். நானும் மறந்திருப்பேன். ஆனால் பழைய நோயாளர் குறிப்புகளைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. அவற்றில் முக்கியமான சில, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் வாழ்ந்தவர்களின் கதைகள். நம்மைப் போன்றவர்கள்!

முதல் கதையே அப்படித்தான். 'அன்னா ஓ' என்ற புனைபெயரில் அறியப்பட்ட பெர்த்தா பாப்பன்ஹைம், 1859ல் வியன்னாவில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நல்ல அறிவாளி. ஆனால் 16 வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. அவருடைய தம்பி பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சட்டம் படித்தார். அக்காள் வீட்டில் இருந்தார். 1880ல் தந்தை கடும் நோயில் விழ, இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்டது 21 வயது பெர்த்தாதான். அந்த இரவுகளில் ஒன்றில், பாம்பு ஒன்று தந்தையை நெருங்குவதுபோல் அவருக்கு ஒரு தோற்றம். விரட்டக் கையைத் தூக்கப் பார்த்தார், கை அசையவில்லை. கடவுளை வேண்ட நினைத்தார், எந்த மொழியிலும் சொல் வரவில்லை. கடைசியில் சிறுவயதில் கற்ற ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் வேண்டினார்.

பிறகு கை மரத்தது, பார்வை குழம்பியது, தண்ணீர் குடிக்கவும் முடியாமல் போன காலம் ஒன்று இருந்தது. என்னைத் தடுத்து நிறுத்தியது இன்னோர் அறிகுறி. தாய்மொழியான ஜெர்மன் அவர் வாயிலிருந்து போய்விட்டது. சில வாரம் பேச்சே இல்லை. திரும்பியபோது ஆங்கிலம் மட்டுமே வந்தது. தாம் ஆங்கிலம் பேசுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. தாதிக்குப் புரியவில்லை என்று அவரோடு சண்டை. சுற்றியிருப்பவர்கள் ஜெர்மனில் பேசினால் இவருக்குப் புரியும். பிரெஞ்சுப் புத்தகத்தையோ இத்தாலியப் புத்தகத்தையோ கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால், அந்த இடத்திலேயே அழகான ஆங்கிலமாக மாற்றி வாசித்தார்!

அவருக்குச் சிகிச்சை அளித்தவர் ஃபிராய்டின் மூத்த நண்பர் யோசெஃப் புரோயர். மாலைதோறும் அவரைப் பேசவிட்டுக் கேட்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. பேசியதும் மனம் லேசாவதைக் கண்ட பெர்த்தா, அந்த முறைக்குத் தாமே ஒரு பெயர் வைத்தார். பேச்சு வைத்தியம் என்று பொருள்படும் அந்தப் பெயர், 'டாக்கிங் கியூர்', ஆங்கிலத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். அப்போது அவரிடம் வேறு மொழி இல்லை. இன்று உலகெங்கும் உள்ள ஆலோசனை அறைகளுக்கெல்லாம் மூலமான ஒரு சொல், தாய்மொழியைத் தொலைத்த ஒருவரின் வாயிலிருந்து பிறந்தது.

1895ல் புரோயரும் ஃபிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூல், அவர் குணமடைந்ததாகச் சொல்கிறது. உண்மை அப்படி நேராக இல்லை. சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே, 1882 ஜூலையில், அவர் சுவிட்சர்லாந்தின் மருத்துவ இல்லம் ஒன்றில் சேர்க்கப்பட்டார். வரலாற்றாசிரியர் ஹென்றி எல்லன்பெர்கர் 1972ல் அந்த ஆவணங்களை வெளிக்கொண்டு வந்தார். உளப்பகுப்பாய்வு தன் வெற்றிகளைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லும் துறை என்பதை மாணவர்கள் மறக்கக்கூடாது. ஆனால் பெர்த்தாவின் பிற்கால வாழ்க்கை எனக்கு அதைவிடப் பெரிய செய்தி. அவர் பிராங்பர்ட் நகருக்குப் போய் அனாதைச் சிறுமிகளின் இல்லத்தை நடத்தினார். 1904ல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் எழுதிய பெண்ணுரிமை நூலை 1899ல் ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார். படிக்க ஆசைப்பட்டும் வீட்டில் அமர்த்தப்பட்ட பெண், நோயின்போது ஒளிந்துகொண்ட மொழியிலிருந்து, பெண்களின் கல்வி உரிமையைத் தன் தாய்மொழிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். இதற்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. இருந்தாலும் அந்த ஒரு தகவலுக்காகவே நூலகத்தில் செலவிட்ட வாரம் வீண்போகவில்லை.

அடுத்த கதையில் நோயாளி ஃபிராய்டேதான். 1898ல் அவர் டுப்ரோவ்னிக் நகரிலிருந்து ஹெர்ஸகோவினா பக்கம் பயணம் போகிறார். கூட வந்தவரோடு பேசும்போது, இத்தாலியின் ஓர்வியேட்டோ தேவாலயத்தில் சுவரோவியம் தீட்டியவரின் பெயர் மறந்துவிடுகிறது. சிக்னொரெல்லி என்பது சரியான பெயர். ஆனால் பொத்திச்செல்லி, போல்த்ராஃபியோ என்று வேறு இரண்டு ஓவியர்களே மனத்தில் வந்து நிற்கிறார்கள். தவறு என்று தெரிகிறது, ஆனால் விலக மறுக்கிறார்கள். ஏன்? சற்றுமுன் பேச்சு, போஸ்னியாவில் வாழும் துருக்கியர்கள் மருத்துவரிடம் காட்டும் மரியாதையைப் பற்றி இருந்தது. குணமாக்க முடியாது என்று மருத்துவர் சொன்னாலும் 'ஐயா' என்று பணிவோடு ஏற்றுக்கொள்வார்களாம். ஜெர்மனில் ஐயா என்பது 'ஹெர்'. ஹெர்ஸகோவினாவிலும் அந்த 'ஹெர்' இருக்கிறது. இத்தாலியத்தில் ஐயா என்பது 'சிக்னோர்'. சாவும் காமமும் பற்றிய ஒரு நினைப்பை ஃபிராய்ட் அந்த உரையாடலில் வேண்டுமென்றே அடக்கிக்கொண்டார். தம் நோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்ட செய்தியைத் திராஃபோய் என்ற ஊரில் கேட்ட நினைவும் அதனோடு ஒட்டியிருந்தது. அடக்கிய நினைப்பு 'ஐயா'வையும் கூடவே இழுத்துக்கொண்டு போக, சிக்னொரெல்லியின் முற்பாதி காணாமல் போனது. போஸ்னியாவின் 'போ', திராஃபோயின் 'த்ராஃபி' ஆகியவை தவறான பெயர்களில் எட்டிப் பார்த்தன.

எவ்வளவு சாமர்த்தியமான விளக்கம் என்று முதலில் அசந்துபோனேன். இரண்டாம் முறை படித்தபோது கொஞ்சம் அதிகச் சாமர்த்தியமாகத் தெரிந்தது. இத்தாலிய அறிஞர் செபாஸ்தியானோ திம்பனாரோ 1974ல் இதை வேறு விதமாகப் பார்த்தார். அவர் பழைய சுவடிகளை ஒப்பிட்டுப் படிப்பவர். ஓலைச்சுவடி பதிப்பில் பாடபேதம் என்போமே, அதுதான் அவர் துறை. படியெடுப்பவர்கள் தெரியாத பெயருக்குப் பதில் அதே ஓசையுள்ள தெரிந்த பெயரை எழுதிவிடுவது வழக்கம். பொத்திச்செல்லி அதிகம் அறியப்பட்டவர், பெயர் முடிவும் ஒன்று. அதற்கு மேல் ஆழம் தோண்ட வேண்டுமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. பெயர்ப் புதிரில் நான் திம்பனாரோ பக்கம் பாதி சாய்கிறேன். ஆனால் மனம் ஒரு மொழியில் மூடிய கதவை இன்னொரு மொழியில் திறந்து பார்க்கும் என்ற எண்ணம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

ஃபிராய்ட் 1927ல் எழுதிய கட்டுரை ஒன்றிலும் இதே விளையாட்டு. ஓர் இளைஞருக்குப் பெண்ணின் மூக்கில் ஒரு 'பளபளப்பு' தெரிந்தால்தான் ஈர்ப்பு வரும். மற்றவர் கண்ணுக்கு அந்தப் பளபளப்பே தெரியாது. அவர் குழந்தைப் பருவத்தில் ஆங்கிலத்தில் வளர்ந்து, பின்பு ஜெர்மனிக்கு வந்து, அந்த மொழியை ஏறக்குறைய மறந்துவிட்டவர். பளபளப்புக்கு ஜெர்மனில் 'கிளான்ஸ்'. ஆங்கிலத்தில் 'கிளான்ஸ்' என்றால் பார்வை. மூக்கின்மேல் விழுந்த ஒரு பார்வை, மொழி மாறியதும் மூக்கின் பளபளப்பாகிவிட்டது. அதற்கு அடுத்து ஃபிராய்ட் தரும் விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் ஆசை தன் பழைய மொழியை மறக்கவில்லை என்பதை நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் தனிமனிதக் கதைகள், அறிவியலா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 2003ல் வெளியான ஓர் ஆய்வில், துருக்கிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்றவர்களுக்கு இரு மொழியிலும் சொற்களைக் கொடுத்து, விரல்களில் வியர்வையால் ஏற்படும் மின்கடத்து மாற்றத்தை அளந்தார்கள். குழந்தைப் பருவத்தில் கேட்ட ஏச்சு வார்த்தைகள் தாய்மொழியில் வந்தபோது உடல் அதிகமாகத் துடித்தது. அதே ஏச்சு ஆங்கிலத்தில் வந்தால் அவ்வளவு இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே அந்த ஆய்வாளர்களில் ஒருவர், இரு மொழியையும் சிறுவயதிலேயே கற்றவர்களிடம் இந்த வேறுபாடு அப்படித் தெரியவில்லை என்றும் காட்டினார். சிங்கப்பூரில் பாலர் பள்ளியிலிருந்தே இரண்டு மொழிகளோடு வளர்ந்த நமக்கு இந்த இரண்டாவது முடிவு முக்கியம். தமிழ் என்றால் உணர்ச்சி, ஆங்கிலம் என்றால் அறிவு என்று கோடு கிழித்துவிட முடியாது. எந்த மொழியில் யார் நம்மை ஏசினார், யார் கொஞ்சினார், எதை ஆசைப்படக்கூடாது என்று எந்த மொழியில் சொன்னார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என நினைக்கிறேன்.

என் வீட்டில் தம்பியோடு ஆங்கிலம், அம்மாவோடு இரண்டும் கலந்து, அப்பாவோடும் பாட்டியோடும் தமிழ். பல்கலைக்கழகத்தில் கணக்கியல் துறைக்கு நடந்த நேர்காணலில், ஏன் இந்தத் துறை என்று கேட்டபோது ஐந்து நிமிடம் தடுமாறாமல் பதில் சொன்னேன். அந்த வாரக் கடைசியில் தோ பாயோவில் பாட்டி வீட்டுக்குப் போனோம். "உனக்கு எது படிக்க ஆசைம்மா?" என்று பாட்டி கேட்டார்.

"கணக்குதான் பாட்டி, அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு" என்றேன். எனக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "எனக்கு, எனக்கு" என்று உடனே திருத்தினேன்.

பாட்டி சிரிக்கவில்லை. "உங்கப்பன அம்பது வருஷமா தெரியும் எனக்கு. உன்னையில்ல கேட்டேன்" என்றார்.

பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் ஜாக் லக்கான் சொல்வதைச் சுருக்கினால், மனிதன் ஆசைப்படுவதே பிறரின் ஆசையைத்தான். பிறர் எதை விரும்புகிறார், என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் எனக்குள் ஓர் ஆசை முளைக்கிறது. அவர் எழுத்து கரடுமுரடு. இரண்டு பக்கத்துக்கு மேல் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. பாட்டியின் கேள்வி எனக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் என் வயதுள்ளவர்கள் ஒரு தவற்றைச் செய்கிறோம். வாய் தவறியதைப் பிடித்துக்கொண்டு, 'பார், உனக்கு இந்தத் துறை பிடிக்கவே இல்லை' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வகுப்பில் ஃபிராய்ட் பாடம் நடந்த இரண்டு வாரமும் விடுதியில் எல்லாரும் எல்லாரையும் பகுப்பாய்வு செய்துகொண்டிருந்தோம், தாங்க முடியவில்லை. இப்படி அவசரப்பட்டுப் பொருள் சொல்வதை ஃபிராய்டே 1910ல் கண்டித்து எழுதியிருக்கிறார். எனக்கு இதில் கைகொடுத்தவர் கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸ். 1922ல் அங்கே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர். ஃபிராய்டைச் சந்தித்ததே இல்லை, ஆனால் பல ஆண்டுகள் கடிதம் எழுதி அவரோடு வாதிட்டவர். கனவுகளைப் பற்றித் தம் தாய்மொழி வங்காளத்திலேயே நூல் எழுதியவர். ஒவ்வோர் ஆசைக்குள்ளும் அதற்கு எதிரான ஆசையும் கூடவே இருக்கும் என்பது அவர் கருத்து. அப்பாவின் ஆசையை நிறைவேற்ற வேண்டும் என்பதும் என் ஆசைதான். அதிலிருந்து விடுபட வேண்டும் என்பதும் என் ஆசைதான். ஆங்கிலத்தில் முதலாவதை மறைத்துப் பேசினேன், தமிழில் இரண்டாவதை. இரண்டு மொழி கற்றதன் வசதி இது. ஒளிய இரண்டு இடம்.

ஆங்கிலத்தில் ஒளிவது கேவலம் என்று சொல்ல வரவில்லை. பெர்த்தாவுக்கு ஆங்கிலம் இல்லாவிட்டால் அந்த இரவில் வேண்டுவதற்குக்கூட வழி இருந்திருக்காது. ரால்ஃப் கிரீன்சன் 1950ல் எழுதிய கட்டுரையில் ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பெண் ஒருவர் வருகிறார். ஜெர்மனில் பேசினால் பயந்த குழந்தையாகிவிடுவோம் என்று அஞ்சி, அவர் ஆங்கிலத்திலேயே பேசினார். புதிய மொழி அவரைக் காப்பாற்றியது, சிகிச்சை நகராமலும் பார்த்துக்கொண்டது. என் தோழி ஒருத்தியும் தமிழில் பேசும் ஆலோசகர் வேண்டவே வேண்டாம் என்கிறாள். அவர் நம் குடும்பத்துக்குத் தெரிந்தவராக இருந்துவிட்டால்? அத்தையைப் போலப் புத்திமதி சொல்ல ஆரம்பித்துவிட்டால்? சின்னச் சமூகத்தில் இந்தப் பயத்தை ஒதுக்கித்தள்ள முடியாது.

ஆனால் தமிழில் இதையெல்லாம் பேச வராததற்கு நம் மொழிப்பாடமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. தமிழ் வாய்மொழித் தேர்வில் சமூக ஊடகத்தின் நன்மை தீமை பற்றியும் முதியோரை மதிப்பது பற்றியும் நான் நன்றாகவே பேசினேன். கட்டுரையில் 'என் எதிர்கால ஆசை' என்றால் மருத்துவராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன் என்று எழுத வேண்டும், அப்போதுதான் மதிப்பெண். நண்பன்மீது பொறாமை வந்ததை, வீட்டைவிட்டு ஓட நினைத்ததை, யாரையோ பிடித்துப்போனதைத் தமிழில் எழுது என்று யாரும் கேட்டதில்லை. ஆசை என்ற தலைப்பில் எழுதியதில் ஆசையே இருக்காது, கடமைதான் இருக்கும். மொழியில் சொல் பஞ்சமா? ஏக்கம், ஆதங்கம், அங்கலாய்ப்பு என்று எத்தனை இருக்கின்றன. நடக்காது என்று தெரிந்தும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆசைக்கு 'நப்பாசை' என்று பெயர். இதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் யாராவது சொல்லுங்கள், பார்ப்போம்.

மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சிகாகோவில் பேராசிரியராக இருந்த கவிஞர் ஏ.கே. ராமானுஜன் தம் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். மாடியில் அப்பாவின் ஆங்கிலம், கீழே அம்மாவின் தமிழ், தெருவில் கன்னடம். பிள்ளைகள் ஏறியிறங்கிக்கொண்டே இருந்தார்கள். நம் தலைமுறை மாடியிலேயே தங்கிவிட்டது, கீழே போவது பண்டிகைக்கும் தேர்வுக்கும் மட்டும்தான்.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாணவர் ஆலோசனைச் சேவைகளில், விரும்புகிறவர்களுக்குத் தாய்மொழியிலும் பேச வாய்ப்பு இருக்க வேண்டும். முழு நேரமும் தமிழாக இருக்க வேண்டாம். நடுவில் ஒரு வாக்கியம் தமிழில் வந்தால், அதை மொழிபெயர்க்கச் சொல்லாமல் அப்படியே கேட்க ஒருவர் இருந்தால் போதும். தமிழாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஆண்டுக்கு ஒரு கட்டுரையாவது மதிப்பெண் இல்லாமல், வகுப்பில் வாசிக்காமல், எங்களை எழுதவிடுங்கள்.

நான் இன்னும் கணக்கியலில்தான் இருக்கிறேன். அப்பாவிடம் மறுபடி பேசவில்லை. சென்ற வாரம் ஆலோசனைக்கு மீண்டும் பதிந்துகொண்டேன். இணையப் படிவத்தின் கடைசியில் 'வேறு குறிப்புகள்' என்று ஒரு கட்டம். தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அனுப்புவதற்கு முன் அந்த 'பரவாயில்லை'யை மட்டும் அழித்துவிட்டேன்.